லாக் அவுட்

“நீ வீட்டுக்குப் போன பெறகும் நீ போட்ட புரோகிராம் எப்டிம்மா ஓடுது?” என்று மேலாளர் ராஜகுரு ஒருமுறை கம்பெனிக் கணினியைக் கவனிக்கும் இசைவாணியிடம் கேட்டிருந்தார்.

“நான் போனாலும் நிக்காதன்னு முன்னாடியே அதுகிட்டச் சொல்லி வச்சிருவேன் சார்.”

அன்று சிரித்தார். இன்று சிரிக்கவில்லை.

கப்பலூர்க் கம்பெனியில் பிரஸ் மெசினில் சிக்கி ஜெயபாண்டியின் வலது கை நசுங்கியிருந்தது. மெசினின் பாதுகாப்புத் தடுப்பை அவனே கழற்றினான் என்று ராஜகுரு எல்லோரிடமும் சொல்லிவிட்டார். வேலை வேகமாக நடக்கட்டும் என்று அதைக் கழற்றியவர் அவர்தான். அது கேமராப் பதிவில் இருந்தது. நாளை தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார்.

“இந்த மாசப் பதிவு பூராத்தையும் அழிச்சிரு. எவனும் திரும்ப எடுக்கக் கூடாது.”

“அப்டின்னா பழைய பதிவு மேலயே வேற எதையாச்சும் எழுதித்தான் அழிக்கணும் சார். தேதி வரிசையாப் போகும். சாயங்காலம் ஆயிரும்.”

இசைவாணி கட்டளையைத் தட்டினாள். கறுப்புத் திரையில் வரிகள் ஓடத் தொடங்கின.

நியாயம் கேட்க வந்து வாசலில் நின்றிருந்த ஜெயபாண்டியின் மனைவி மலையம்மாள் வெடித்தாள். “அண்ணே அண்ணேன்னு தெனமும் எம் புருசன் வண்டியிலதானடி வந்த? அழி, நல்லா அழி! வெளங்கிருவ!”

இசைவாணி நிமிரவில்லை. மலையம்மாளை வெளியே தள்ளச் சொல்லிவிட்டு ராஜகுரு இவள் பக்கம் திரும்பினார்.

“நீயும் எந்திரி. இங்கனயே இருந்தா காப்பி எடுத்துருவ.”

“முடியிற வரைக்கும் இருக்கேனே சார்.”

“நீ போனாலும் ஓடும்ல? எனக்கென்ன தெரியாதா? லாக் அவுட் பண்ணிட்டு நட. நாளையிலருந்து வேலைக்கும் வராத.”

லாக் அவுட் செய்தாள். அவரே அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஆய்வாளர் இசைவாணியை வரவழைத்து, எல்லோருக்கும் முன்னால் கணினியைத் திறக்கச் சொன்னார். மாதத்தின் முதல் சில நாட்கள்தான் அழிந்திருந்தன. விபத்து நடந்த நாள் அப்படியே இருந்தது. திரையில் ராஜகுரு ஸ்பானரோடு குனிந்து தடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அவர் அவள் காதருகே சீறினார். “ஓடலையா அது?”

“நான் போனதும் நின்னுருச்சு சார். நேத்து அதுகிட்ட நிக்காதன்னு சொல்லலை.”

அறை வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைக்கூட மாட்டாமல் ராஜகுரு படியிறங்கிப் போனார்.