மூச்சுகூடக் கேட்கணும்

"ஏங்க, நான் குரூப்ல போடுற வீடியோவெல்லாம் மங்கலாப் போயிடுதே, ஏன்?"

சோபாவில் சாய்ந்திருந்த கணவனுக்கு உச்சி குளிர்ந்தது. வீட்டுக்கு ஹெச்டி கேமரா வாங்கிய நாளிலிருந்து, யாராவது சந்தேகம் கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவன் அவன்.

"நேரா குரூப்ல போட்டா கசக்கிப் பிழிஞ்சுதான் அனுப்பும். ஆன்லைன்ல ஏத்திட்டு லிங்க்க மட்டும் அனுப்பு."

"வேண்டாத இடத்த வெட்டணுமே?"

"வெட்டு. ஆனா எல்லாத்தையும் ஒரே தடவையில வெட்டு. திரும்பத் திரும்ப வெட்டி சேவ் பண்ணினா தரம் போயிடும். எடுத்த அதே ஹெச்டியிலயே சேவ் பண்ணு."

"சத்தம்?"

"அதுல கையே வைக்காத. மூச்சு விடுறதுகூடக் கேக்கணும்!"

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவள் சமர்த்தாகத் தலையாட்டினாள். சொன்னபடியே வெட்டினாள், ஏற்றினாள், குடும்ப குரூப்பில் லிங்க்கைப் போட்டாள்.

"அப்படி என்ன வீடியோ?" எழுந்திருக்கச் சோம்பல்பட்டு உட்கார்ந்தபடியே கேட்டான்.

"நம்ம வீட்டுல எடுத்ததுதான். உங்க தங்கச்சிக்குத் தெளிவாப் பாக்கணுமாம்."

அவன் மீசையை முறுக்கி முடிப்பதற்குள் தங்கையின் பதில் வந்துவிட்டது.

"அண்ணா, போன மாசம் அண்ணி போட்ட வீடியோவ, 'அது நானே இல்ல, சத்தம் மிக்ஸியோடது'ன்னு சாதிச்சியே! நாங்களும் நம்பி அண்ணியத் திட்டினோம். இப்ப குறட்டை கணீர்னு கேக்குது. பிளந்த வாயில, நீ சிமென்ட் வெச்சு அடைச்ச கடைவாய்ப் பல்லுகூடத் தெரியுது!"