வெட்டுக்கணம்

"இப்பவும் பூஜ்யம்தான் சார் வருது" என்றாள், வரன் பார்க்கும் அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருந்த பெண்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அசரவில்லை. பொருத்திப் பார்ப்பதற்காக அங்கே பதிந்திருந்த மகளின் பதிவு எண்ணையும் கீழே பதினொரு நிபந்தனைகளையும் மணிமணியாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஆறடி உயரம், சொந்த வீடு, ஒரே பிள்ளை, கண்ணாடி போடாத கண், வழுக்கை விழாத தலை என்று போனது அந்தப் பட்டியல்.

ஒவ்வொரு நிபந்தனையும் கணக்கில் வரும் ஒரு கணம், எல்லாம் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் நிற்பவனே மாப்பிள்ளை என்று விளக்கினார். முப்பது வருடம் கரும்பலகையில் வட்டம் வட்டமாகப் போட்ட கை சும்மா இருக்குமா? மேசையிலும் விரலால் போட்டுக் காட்டினார்.

"வட்டம் கூடக் கூட ஆள் குறைவாங்களே சார். ஒண்ணு ரெண்டு விட்டுக்கொடுங்களேன்."

அது அவருக்குத் தெரியாததா? ஆனால் நிபந்தனை என்றாலே மூன்று வருடமாக எரிந்து விழும் மகள், இன்று காலை தானே பேனாவை எடுத்து நீட்டி, இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டதென்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

வேறு வழியில்லாமல் வழுக்கையை மன்னித்தார். பூஜ்யம். கண்ணாடியை ஏற்றுக்கொண்டார். பூஜ்யம். உயரத்தில் நாலு அங்குலம் பேரம் பேசிப் பார்த்து, பிறகு மொத்தமாகவே கைகழுவினார். சொந்த வீட்டை விடும்போது மட்டும் மனைவியின் முகம் கண்முன் வந்து மிரட்டிவிட்டுப் போனது.

கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான்: மாப்பிள்ளை ஆணாக இருக்க வேண்டும். அந்தப் பெண் பொத்தானைத் தட்டினாள். பூஜ்யம்.

உலகத்தில் ஒரு ஆண்பிள்ளைகூடவா பாக்கி இல்லை, உங்கள் இயந்திரம்தான் பழுது என்று வாத்தியார் எகிறினார்.

"நாலாயிரத்துச் சொச்சம் பேர் இருக்காங்க சார்" என்றாள் அவள், திரையை மேலே நகர்த்திப் பார்த்தபடி.

வேறு நிபந்தனையே இல்லாமல் நாலாயிரம் பேர் ஒரு பக்கம் நின்றும் விடை பூஜ்யம் என்றால், மறுபக்கம் வெற்றுக்கணம். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். வாத்தியார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ எந்தப் பக்கம்மா காலி?"

"உங்க பொண்ணு பக்கம் சார். கல்யாணம் ஆயிடுச்சுன்னு போன வாரமே அவங்களே பேரை எடுத்துட்டாங்க."