அருணாசலேஸ்வ...

"பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பும்மா. நாளையிலேருந்து இந்தப் பக்கமே வராதே."

பலராமன் போட்ட சத்தத்தில், ரத்தம் கொடுக்க வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

ஆதிலட்சுமி நின்ற இடத்தில் நின்றாள். வேங்கிக்காலில் பலராமன் லேப் திறந்த நாளிலிருந்து ஏழு வருஷமாக ரிப்போர்ட் போடுகிறவள்.

"சர்க்கரை நானூத்திப் பன்னெண்டு இருக்கிற பொம்பளைக்குத் தொண்ணூத்தாறுன்னு போட்டுக் கொடுத்திருக்கே. அதை நம்பிக் கிரிவலம் போய் பாதி வழியில விழுந்து கிடந்திருக்காங்க. கண்ணை எங்க வெச்சிருந்தே?"

"ரெண்டு பேர் ரத்தம் ஒரே நாள்ல வந்துச்சு சார். ஒருத்தர் அருணாசலேஸ்வரன், இவங்க அருணாசலேஸ்வரி. மாத்திப் போட்டுட்டேன். அவரு நேத்து வந்து, எனக்குச் சர்க்கரையே கிடையாது, மறுபடி பாருங்கன்னு சண்டை போட்டப்பதான் தெரிஞ்சுது. உடனே அந்தம்மா வீட்டுக்குப் போன் பண்ணினேன். ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னாங்க. ஓடிப்போய்ச் சொல்லிட்டேன்."

"என்னது? யாரைக் கேட்டுப் போனே?"

பலராமனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பஸ் ஸ்டாண்டில் சைக்கிளில் டீ விற்ற ஆள் அவர். டாக்டர்கள் வாசலில் கால்கடுக்க நின்று, மெஷின் விற்கிறவனிடம் மல்லுக்கட்டிப் பேரம் பேசி நிறுத்திய லேப் இது. தப்பு நடக்கும், எங்கேதான் நடக்கவில்லை? வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? இவளே போய் ஊருக்குத் தண்டோரா போட்டுவிட்டு வந்திருக்கிறாள்!

"ஏழு வருஷம் சோறு போட்ட இடத்தோட மானத்தை வாங்கிட்டியேம்மா!"

அவள் நாற்காலியில் தொங்கிய பையைக் கையில் எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து இளஞ்செழியன் உள்ளே வந்தான். லேப்புக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவன். காலையிலேயே போன் போட்டு வரச் சொல்லியிருந்தார்.

"வாய்யா. கோளாறு உன் கம்ப்யூட்டர்லயா, இவ கண்ணுலயான்னு பார்த்துச் சொல்லு. நாலு பேர் கேட்கிற மாதிரி சொல்லு."

இளஞ்செழியன் உட்கார்ந்து, ரிசல்ட் போடும் திரையைத் திறந்தான். பேர் கட்டத்தில் 'அருணாசலேஸ்வ...' என்று இருந்தது. அதற்குக் கீழேயும் 'அருணாசலேஸ்வ...' வயசு ரெண்டு பேருக்குமே ஐம்பத்திரண்டு.

விண்டோவின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். பேர் கட்டம் அரை அங்குலம்கூட அசையவில்லை. பக்கத்தில் பலராமனின் போட்டோவோடு 'பலராமன் லேப்' என்று இருந்த பட்டை மட்டும், இழுக்க இழுக்க விரிந்துகொண்டே போனது.

"இம்மாம் பெரிய மானிட்டர் வாங்கிப் போட்டிருக்கேன். அப்புறமும் ஏன் பேர் முழுசாத் தெரியலை?"

"மானிட்டர் பெருசா இருந்தா மட்டும் போதாது சார். ஜாஸ்தியா கிடைக்கிற இடத்தை எந்தக் கட்டம் எடுத்துக்கணும், எது அப்படியே நிக்கணும்னு நாமதான் சொல்லி வைக்கணும்."

"அப்போ பேர் கட்டத்துக்கு ஏன்யா சொல்லலை? கூலியைக் கம்மி பண்ணேன்னு வேலையையும் கம்மி பண்ணிட்டியா?"

இளஞ்செழியன் தயங்கினான். நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"முதல்ல அந்தக் கட்டம்தான் விரியற மாதிரி வெச்சிருந்தேன் சார். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அருணாசலம், அண்ணாமலைன்னுதான் பேரே ஆரம்பிக்கும், இடம் வேணும்னு சொன்னேன். 'வர்றவன் பேரை விடுய்யா, லேப் பேரு பளிச்சுனு தெரியணும்'னு நீங்கதான் மாத்தச் சொன்னீங்க."

பலராமனுக்கு ஞாபகம் வந்தது. வேண்டாத இன்னொன்றும் கூடவே வந்தது. பேர் சரியாகத் தெரியவில்லை என்று ஆதிலட்சுமி மூன்று தடவை வந்து நின்றாள். கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லித் துரத்திவிட்டார்.

"சரி சரி, சத்தம் போடாம மாத்திட்டுப் போ." அவர் குரலும் இறங்கியிருந்தது. ஆனால் ஆள் இறங்கவில்லை. "தப்பு எதுல வேணா இருக்கட்டும். இவ வெளியே போய்ச் சொன்னாளே, அதுக்கு மன்னிப்பே கிடையாது. இனிமே எவன் இந்தப் படி ஏறுவான்?"

ஆதிலட்சுமி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

எதிரே ஒருவர் விறுவிறுவென்று படியேறி வந்தார். கசங்கிய வேட்டி. தூங்காமல் சிவந்த கண். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"கீழ்பென்னாத்தூர் கலையரசங்க. அருணாசலேஸ்வரி வீட்டுக்காரன்."

பலராமன் எழுந்துகொண்டார். கத்துவான், போலீஸ் என்பான். எதைச் சொல்லி ஆரம்பித்து எங்கே கொண்டுவந்து படிய வைக்கலாம் என்று அதற்குள் மனசு ஓட்டம் எடுத்துவிட்டது.

"உட்காருங்கண்ணே, நாம பேசிக்கலாம். அந்தப் பொண்ணை வேலையை விட்டே தூக்கிட்டேன். தோ பாருங்க, போறா."

கலையரசன் உட்காரவில்லை. திரும்பி ஆதிலட்சுமியைப் பார்த்தார்.

"உங்க ரிப்போர்ட்டை நம்பி டாக்டர் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு இருந்தாருங்க. இந்தப் பொண்ணுதான் மூச்சிரைக்க ஓடியாந்து, என் தப்புங்க, அதை முதல்ல நிறுத்துங்கன்னு கத்துச்சு. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா நான் இங்க நின்னிருக்க மாட்டேன். சுடுகாட்டுல நின்னிருப்பேன்."

கவரைப் பிரித்து, ரத்தம் எடுத்த குழாயை மேஜைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"இப்பதான் எடுத்துக் கொடுத்தாங்க. எந்த லேப்ல வேணா பார்த்துக்கிட்டு வரச் சொன்னாங்க. இந்தப் பொண்ணு இங்க இருக்கும்னா வெச்சிட்டுப் போறேன். இல்லைன்னா சொல்லுங்க, அது போற லேப்புக்கே நானும் போறேன்."