வழக்கமான குரல்

"வீட்ல வழக்கமா எப்படிப் பேசுவீங்களோ, அப்படியே அஞ்சு நிமிஷம் பேசுங்க. வீட்டாளுங்க குரலை அப்பதான் இது பழகிக்கும்," என்றார் காவல் கருவிக்கு மென்பொருள் ஏற்ற வந்தவர்.

சிபி மனைவி பக்கம் திரும்பினான். "சட்டை ஏன்டி தேய்க்கல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"இதோ தேச்சுடறேங்க," என்றாள் மஞ்சரி, தரையைப் பார்த்தபடி.

ஐந்து நிமிடத்துக்கும் அவனிடம் விஷயப் பஞ்சமே இல்லை. வந்தவர் தன் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதிவாயிடுச்சு சார். ரொம்பத் தெளிவா இருக்கு."

மூன்றாம் நாள், சிபி அலுவலகத்தில் இருந்த நேரம், போனில் தங்கை சொன்ன எதற்கோ மஞ்சரி வாய்விட்டுச் சிரித்தாள். உடனே அலாரம் அலறியது. வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. சிபியின் போனுக்குச் செய்தி போனது: உங்கள் வீட்டுக்குள் அடையாளம் தெரியாத பெண் இருக்கிறாள்.

அடுத்த நொடி கருவி வழியே அவன் குரல் கூடமெங்கும் கத்தியது. "யாருடி அவ? யாரை உள்ள விட்ட?"

மஞ்சரி போனைக் கீழே வைத்தாள்.

"யாருமில்லீங்க," என்றாள், தரையைப் பார்த்தபடி.

அந்தக் குரல் கருவிக்குத் தெரியும். அலாரம் நின்றது.