குருவி பின்னிய ஜெர்சி

ஜெர்சி இல்லாதவனுக்கு டீமில் இடமில்லை என்று கேப்டன் அணில் கறாராகச் சொல்லிவிட்டதால், தூக்கணாங்குருவி தன் ஹாக்கி ஜெர்சியை வீட்டிலேயே நாரால் பின்னியது. அது கட்டிய கூடுகளையெல்லாம் பெண்குருவிகள் இழுத்துப் பார்த்துவிட்டுப் பறந்துபோனதில், இந்த வருஷம் கல்யாணப் பேச்சே வேண்டாமென்று விளையாட்டில் இறங்கியிருந்தது.

பின்னி முடித்ததைக் கிளையில் மாட்டிவிட்டுக் குளித்து வந்தால், ஒரு பெண்குருவி அதன் இழைகளை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அது ஜெர்சிங்க. இன்னிக்கு மேட்ச் இருக்கு," என்றது ஆண்குருவி.

"உறுதியாத்தான் இருக்கு," என்றது பெண்குருவி. "கழுத்து வாசலா இருக்கட்டும். மத்த ஓட்டையெல்லாம் அடைச்சிடுங்க, முட்டை விழுந்துடும்."

கீழே அணில் மட்டையால் மரத்தைத் தட்டியது. "டேய், ஆட்டம் ஆரம்பிக்கப் போறாங்க. வர்றியா இல்லையா?"

அலகு நிறைய நார் இருந்ததால், குருவியால் பதில் சொல்ல முடியவில்லை.