ஒரு நாள் சாவி

"லாக்கர் சாவி எத்தனை நாளாக இவரிடம் இருக்கிறது?" என்று தணிக்கைக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார்.

ஜோசலின் அதைத் தமிழில் கேட்டாள்.

தொழிலாளி அர்ச்சுனன் தன் உள்ளங்கையில் கிடந்த சாவியைப் பார்த்தான். பச்சை வில்லையில் 17 என்று எழுதியிருந்தது. எழுதியவள் ஜோசலின்தான். நேற்று.

கையுறை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் அனுப்பிய ஆள் தணிக்கைக்காரர். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருந்தால் அது கட்டாய உழைப்பு. கட்டாய உழைப்பு என்று அவர் எழுதிவிட்டால் இந்தத் தொழிற்சாலையிலிருந்து ஒரு பெட்டி கூடக் கப்பல் ஏறாது.

வங்காளத்துக்கும் நேப்பாளிக்கும் மொழிபெயர்ப்பாளர்களைக் கூட்டி வந்தவர், தமிழ்நாட்டு ஆட்கள் நாற்பது பேர் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் சோதனைக்கூடத்திலிருந்து ஜோசலினை அழைத்தார்கள். தொழிற்சாலை ஆளே மொழிபெயர்ப்பதில் அவருக்கு அரைமனது. வேறு வழியில்லை.

அவள் இடக்கையை வெள்ளைக் கோட்டின் பைக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்குக் காலையிலதாம்மா குடுத்தாங்க" என்றான் அர்ச்சுனன். "சாயங்காலம் திருப்பித் தந்துடணும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. கான்ட்ராக்ட் முடிஞ்சு நாலு மாசமாச்சு. ஊருக்குப் போகணும், பாஸ்போர்ட்டைக் குடுங்கன்னு மூணு தடவை ஆபீசுல போய் நின்னேன். இதை அப்படியே அவர்கிட்ட சொல்லும்மா."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே தினேஸ்வரி அக்கா நின்றிருந்தாள். பணியாளர் பிரிவு அவள் பொறுப்பு. உள்ளே பேசுவது அவளுக்குக் கேட்காது. உதடுகள் தெரியும்.

காலையில், இந்த ஊர்ப் பேச்சின் 'லா' போட்டு அவள் சொன்னது ஜோசலினுக்கு இன்னும் காதில் இருந்தது. "பார்த்துப் பேசு லா. ஆர்டர் போச்சுன்னா உனக்கும் வேலை இல்ல, அவங்களுக்கும் இல்ல. அப்புறம் நல்லது செஞ்சேன்னு யார்கிட்ட போய்ச் சொல்லுவ?"

ஜோசலினுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்ததும் பயிற்சிக்கு அனுப்பி, மூன்று வருடம் வேலையை விட்டுப் போகக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இன்னும் பதினெட்டு மாதம்.

"முதல் நாளிலிருந்தே இருக்கிறதாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

தணிக்கைக்காரர் ஒரு கட்டத்தில் குறி போட்டார்.

அர்ச்சுனன் அவளையும் அந்தக் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் இவ்வளவு பேசினேன். இங்கிலீஷ் அவ்வளவு சின்ன பாஷையாம்மா?"

"என்ன சொல்கிறார்?" என்று தணிக்கைக்காரர் கேட்டார்.

"நன்றி சொல்கிறார்."

லாக்கரைப் பார்க்க வேண்டும் என்றார் அவர். தங்கும் விடுதி நடையில், இரும்பு அலமாரிகள் சுவரோடு வரிசையாக நின்றன. சன்னலுக்கு அப்பால் பழைய தோட்டத்தில் மிச்சமிருந்த நாலைந்து ரப்பர் மரங்கள். அதற்கும் பின்னால் சுண்ணாம்பு மலை, வெட்டிய பக்கம் வெள்ளையாக.

அலமாரிகள் வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பழசாகத் தெரியட்டும் என்று கதவுகளில் கீறல் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருந்தாள் தினேஸ்வரி அக்கா. 17இல் முருகன் படத்தை ஒட்டிக் கட்டைவிரலால் காற்றுக்குமிழை நீவிவிட்டதும் ஜோசலின்தான்.

ஆனால் பெயிண்ட் வாசம் போகவில்லை. தின்னர். வேதியியல் படித்தவள் மூக்குக்குத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

தணிக்கைக்காரர் மூக்கைச் சுளித்தார். கேட்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் கேட்டுவிட வேண்டும் என்றும் நினைத்தாள்.

அவர் தும்மினார்.

அர்ச்சுனன் கதவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தான். தன் புகைப்படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். யாரோ தூரத்துச் சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல. பிறகு அதை உள்ளே வைத்துப் பூட்டினான்.

இன்னொரு குறி.

மூன்று மணிக்கு வெள்ளைக் கார் கிளம்பிப் போனது. வாசல்வரை போய்க் கையசைத்தாள் தினேஸ்வரி அக்கா.

ஐந்து மணிக்குப் பிஸ்கட் டின்னோடு விடுதி நடையில் வந்து நின்றாள். தமிழ்நாட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சாவியைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஜோசலின் சன்னல் திட்டில் வைத்திருந்த பட்டியலில் எண்களை அடித்துக்கொண்டே வந்தாள்.

கடைசியாக அர்ச்சுனன் வந்தான். 17 டின்னுக்குள் விழுந்தது.

அவன் சட்டைக்குள், இடுப்புக்கு மேலே, ஏதோ ஒன்று சதுரமாகப் புடைத்துக்கொண்டிருந்தது.

ஜோசலின் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

அவள் பட்டியலில் 17ஐ அடித்தாள்.

அவன் படியிறங்கினான். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

தினேஸ்வரி அக்கா டின்னைக் குலுக்கினாள். "நாப்பதும் வந்திருச்சு. இன்னும் ஒன்னு எங்க லா, ஜோசலின்?"

ஜோசலின் கோட்டுப் பையிலிருந்து இடக்கையை எடுத்தாள். விரல்களை விரிக்கக் கொஞ்சம் நேரமானது. சாவியின் பற்கள் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தன.

நாற்பத்தொன்று.

நடையின் கோடி லாக்கர், தணிக்கைக்காக அவள் பேருக்குப் போட்டது. ஸ்டிக்கர் ஒட்டாதது. உள்ளே அப்படியே ஒரு பழுப்பு உறை. உறைக்குள், வேலைக்குச் சேர்ந்த அன்று அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்ட அவளுடைய பட்டச் சான்றிதழ், அசல்.

காலையிலிருந்து சாவி அவளிடம்தான் இருந்தது.