பெரிய பூனை

"சிறுத்தையெல்லாம் ஒரு மிருகமா கோபாலு? பெரிய பூனை. நாலு தெருநாய் குரைச்சா ஓடிப்போயிரும்" என்று செல்போனில் எகத்தாளம் பேசினார் சிக்கந்தர்.

"புலியக் காட்டியும் சிறுத்தைதானுங்க பாய் கெட்டி. மானையே மரத்து மேல தூக்கிட்டுப் போயிருமுங்க."

"கிழிச்சுது! புலி ஒரு அறை விட்டா உன்ற சிறுத்தை சூலூரு தாண்டி உழுகும்."

"காட்டையே பாக்காத ஆளு நாயம் பேசாதீங்க!" கோபாலசாமி கொதித்தார்.

அவர் குரல் தணியும்போதெல்லாம் சிக்கந்தர் மறுபடி சீண்டினார். ஒரு மணி நேரம் ஓடியது.

நூல் குடோனுக்குள்ளிருந்து வனத்துறைக்காரர் வெளியே வந்தார்.

"சிறுத்தைக்கு மயக்க ஊசி போட்டுக் கூண்டுல ஏத்தியாச்சுங்க. உள்ள மாட்டுன உங்காளு பயத்துல மயங்காம நல்லாப் பேச்சுக் குடுத்தீங்க."

சிக்கந்தர் செல்போனை மறுபடி காதில் வைத்தார்.

"சரி, சிறுத்தைதான் கெட்டி, நான் தோத்துட்டேன். கக்கூசுக் கதவத் தெறந்து வெளிய வா கோபாலு."